பழத்தில் இருப்பதும் செல்லுக்குப் போவதும்: சில தப்புக் கணக்குகள்

ஆனி, ஆடி வந்தால் சத்தி ரோட்டோரம் நாவப்பழத்தைக் கூறு கட்டி விற்பார்கள். கூடவே ‘புற்றுநோய் செல்லைக் கொல்லும் பழம்’ என்று வாட்ஸப்பில் ஒரு செய்தியும் சுற்றும். இது ஆய்வகத் தட்டில் நடந்ததை உடம்பில் நடந்ததாக எடுத்துக்கொள்ளும் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்து கிளம்புபவைதான். அங்கே செறிவாக்கிய பழச்சாற்றை நேராகச் செல்கள்மேல் ஊற்றுகிறார்கள். நாம் தின்னும் பழமோ வயிறு, குடல், கல்லீரல் எல்லாம் கடந்தாக வேண்டும்.

வழியில் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நாவப்பழச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு தூக்கலாகும். இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் நீலமும் பச்சையுமாகத் திரிந்து, பிறகு மங்கத் தொடங்கும். அந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. இரைப்பையின் புளிப்பைத் தாங்கும். புளிப்பு குறைந்த சிறுகுடலில் சிதையத் தொடங்கும். முழுசாக ரத்தத்தில் ஏறுவது ரொம்பக் கொஞ்சம். மிச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் சிறுசிறு பீனாலிக் அமிலங்களாக உடைக்கின்றன. ரத்தத்தில் சேர்ந்ததையும் கல்லீரல் உருமாற்றி அனுப்புகிறது. நம் செல்களைத் தொடுவது பெரும்பாலும் இந்தத் துண்டுகள்தான். அவையும் செல்லைக் கெடுக்கும் நச்சை நேரடியாகச் செயலிழக்க வைப்பதைவிட, செல்லை லேசாகச் சீண்டி, என்.ஆர்.எஃப் 2 என்ற புரதத்தின் வழியாக அதன் சொந்தப் பாதுகாப்பு நொதிகளை உற்பத்தி செய்ய வைப்பதாகத்தான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அதனால் ‘ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண்’ பார்த்துப் பழம் வாங்குவதில் அர்த்தமில்லை. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைச் சோதனைக் குழாயில் அளந்து, அப்படி மதிப்பெண் போட்டு வெளியிட்டிருந்த ‘ஓராக்’ பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012-ல் விலக்கிக்கொண்டது.

எல்லாருக்கும் ஒரே பலன் என்று நம்புவது அடுத்தது. காட்டு நெல்லிக்குத் துவர்ப்பைத் தரும் டானின்களிலிருந்து எல்லாஜிக் அமிலம் வரும். அதைக் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவை (செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதி) செல் களைந்துகொள்ள யூரோலித்தின் ஏ உதவுவது புழுக்களிலும் எலிகளிலும் தெரியவந்திருக்கிறது. ஆனால் அந்த பாக்டீரியாக்கள் எல்லார் குடலிலும் இருப்பதில்லை. ஒரே கூடை நெல்லியைத் தின்ற மாமியாருக்குக் கிடைப்பது மருமகளுக்குக் கிடைக்காமல் போகலாம்.

காங்கேயம் பக்கம் சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்றபின் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். பீட்டாலைன் நிறமி சிதையாமல் வெளியேறுவதுதான் அது, பயம் வேண்டாம். பழத்தை விட்ட பிறகும் சிவப்பு இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

ரத்தசோகை உள்ளவர்கள் துவர்ப்பான பழத்தைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவேளையில் தின்பது நல்லது. டானின், சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

“நாவக்கொட்டைப் பொடி சாப்பிட்டா சக்கரை மாத்திரைய நிறுத்திப் போடலாமுங்களா?” என்று கேட்பவர்கள் நிறைய. கூடவே கூடாது. மாத்திரையோடு சேர்த்துப் பொடியும் எடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்புண்டு. எடுத்தே தீர வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அடிக்கடி சர்க்கரை பார்த்துக்கொண்டு எடுங்கள்.