மழையில் மேட்ச் நின்றால்: டோர்னமென்ட் கமிட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் கால்பந்து டோர்னமென்ட் வைக்கிறவர்களுக்கு மழை வரும் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் பேனரில் ப்ரைஸ் மணி, கோப்பை, சிறப்பு விருந்தினர் படம் எல்லாம் இருக்கும், மழையால் ஆட்டம் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் எங்கேயும் ஒரு வரி இருக்காது. கிரவுண்டு ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற வாய்ச்சண்டைகள் பெரும்பாலும் அந்த ஒரு வரி இல்லாததால் வருபவைதான்.

ஸ்கோர் அப்படியே நிற்கும் என்று நம்புவது

முன்னணியில் இருக்கும் டீம் எப்போதும் சொல்வது இது: "பாதிக்கு மேல ஆடியாச்சு, நாங்கதான் ஜெயிச்சோம்." கால்பந்து விதி அப்படிச் சொல்லவில்லை. பாதியில் கைவிடப்பட்ட ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஆட வேண்டும், போட்டியின் சொந்த விதி வேறு மாதிரி சொன்னால் ஒழிய. 1961 ஜனவரியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் சிட்டி 6-2 என்று லூட்டனை நொறுக்கிக்கொண்டிருந்தது. ஆறு கோலும் டெனிஸ் லா அடித்தவை. 69-ஆம் நிமிடத்தில் மைதானம் சேறாகி ஆட்டம் கைவிடப்பட, ஆறு கோலும் கணக்கில் இல்லாமல் போயின. மறு ஆட்டத்தில் லூட்டன் 3-1 என்று ஜெயித்தது. சிட்டியின் அந்த ஒரு கோலையும் லாதான் அடித்தார், பாவம்.

அண்மைக்கால உலகக் கோப்பைகளின் விதி வேறு. நின்ற நிமிடத்திலிருந்து, அதே ஸ்கோரோடு, களத்தில் இருந்த அதே ஆட்டக்காரர்களோடு தொடர வேண்டும். ரெட் கார்டு வாங்கியவருக்குப் பதில் இன்னொருவர் வர முடியாது. நம்ம ஊர் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர்), ஃபைவ்ஸ் (ஐந்து பேர்) போட்டிகளுக்கு இதுதான் நியாயம் என்பது என் கருத்து. முதல் பாதியே முடியவில்லை என்றால் மட்டும் புதிதாக ஆரம்பிக்கலாம். எதை வைத்துக்கொண்டாலும் என்ட்ரி ஃபீஸ் வாங்கும் முன்பே எழுதி, டீம் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆட்டம் நின்ற உடனே நிமிடம், ஸ்கோர், உள்ளே இருந்தவர்கள், சப்ஸ்டிட்யூட், கார்டுகள், பந்து யார் வசம் என்பதை ரெஃப்ரி குறித்து வைக்க வேண்டும். அடுத்த வாரம் நினைவிலிருந்து சொன்னால் இரண்டு டீமும் இரண்டு கதை சொல்லும்.

"பெனால்டி அடிச்சு முடிச்சுக்கலாம்" என்பது இன்னொரு குறுக்குவழி. கோல் முன்னால் உள்ள இடம்தான் அதிகம் மிதிபட்டுப் பள்ளமாகியிருக்கும், தண்ணீரும் அங்கேதான் முதலில் தேங்கும். கோல்கீப்பர் காலூன்றவே முடியாத இடத்தில் ஃபைனலை முடிவு செய்யாதீர்கள்.

ரெஃப்ரியை நெருக்குவது

ஆட்டம் தொடங்கிய பிறகு நிறுத்துவதும், காத்திருப்பதும், கைவிடுவதும் ரெஃப்ரியின் அதிகாரம். கமிட்டித் தலைவர் குடையோடு வந்து "சார், பத்து நிமிஷம்தானே சார்" என்று கெஞ்சக் கூடாது. அதே சமயம், நிறுத்தியவுடன் கைவிட வேண்டும் என்றும் இல்லை. 2000 மே மாதம் பெருஜியாவில் யுவென்டஸ் ஆடிய இத்தாலிய லீகின் கடைசி ஆட்டத்தில், இடைவேளையில் கொட்டிய மழைக்கு ரெஃப்ரி கொலினா ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தார். பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்து முடித்தார். யுவென்டஸ் 0-1 என்று தோற்று, பட்டம் லாட்சியோவுக்குப் போனது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதையும் உங்கள் விதியில் எழுதிவையுங்கள்.

வானத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது

மழை விட்டால் ஆடலாம், தூறினால் வேண்டாம் என்று முடிவெடுப்பதில் அர்த்தமே இல்லை. தரையைத்தான் பார்க்க வேண்டும். திருவான்மியூர், அடையாறு பக்கம் மணல், அடித்துப் பெய்தாலும் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். பெரம்பூர், அண்ணாநகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண், வெயிலே அடித்தாலும் தண்ணீர் அப்படியே நிற்கும். பந்தைத் தோள் உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள், எழும்ப வேண்டும். இரண்டு பெனால்டி பாக்ஸிலும் நடுவிலும் உருட்டிப் பாருங்கள். ஓடிவந்த பந்து பொத்தென்று நின்றால் பேச்சே வேண்டாம். 2012 அக்டோபரில் வார்சாவில் போலந்து - இங்கிலாந்து ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரி இப்படி உருட்டிப் பார்த்துத்தான் மறுநாளுக்குத் தள்ளினார். மூடித் திறக்கும் கூரை உள்ள ஸ்டேடியம் அது. நேரத்தோடு மூடவில்லை, அவ்வளவுதான்.

அட்டவணையிலும் ஒரு தவறு நடக்கிறது. வடகிழக்குப் பருவமழை நம் கடலோரத்தில் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும் கொட்டும். அந்த மாதங்களில் காலை ஆறு மணிக்கு முதல் மேட்ச் வைப்பது ஊறிய தரையைத் தேடிப்போவது மாதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைகீழ், மேற்கிலிருந்து வரும் இடிமழை மாலையிலும் இரவிலும்தான் பிடிக்கும். அப்போது காலை ஆட்டம் நல்லது.

ரோலரும் எம்-சாண்டும்

தேங்கிய தண்ணீர்மேல் ரோலர் ஓட்டினால் மண் இறுகி, அடுத்த மழைக்கு இன்னும் அதிகமாகத் தேங்கும். எம்-சாண்ட் கொட்டினால் அன்றைய மேட்ச் நடக்கலாம், காய்ந்த பிறகு களிமண்ணோடு சேர்ந்து கெட்டியாகி முட்டியைக் கிழிக்கும். கடப்பாரையால் குத்தி ஓட்டை போடுவது அடிமண் காய்ந்திருந்தால் பலன் தரும். கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே வந்துவிட்ட இடத்தில் தண்ணீர் எங்கே இறங்கும்? ஸ்பாஞ்ச், வாளி, துடைப்பம், ஓரத்தில் வாய்க்கால், இவைதான் சரி.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஈரத்தில் போட்டு மோட்டார் ஓட்டுவதும், தண்ணீர் சூழ்ந்த ஃப்ளட்லைட் கம்பத்துக்குப் பக்கத்தில் வார்ம்-அப் செய்வதும் உயிரோடு விளையாடுவது. செயற்கைப் புல் டர்ஃப் என்றால் கவலையில்லை என்பவர்கள், அங்கே சுற்றிலும் இரும்புக் கூண்டும் விளக்கும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

மழை வரும்வரை இடிக்குப் பயப்படாமல் இருப்பது

இந்தத் தவறுகளில் உயிரை எடுக்கக்கூடியது இது. மின்னல் மழைக்கு முன்பே வரும், மழை விட்ட பிறகும் வரும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 விநாடிக்குள் இடிச்சத்தம் கேட்டால் அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கடைசி இடிச்சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது. நடுவில் மறுபடி இடித்தால் கணக்கு முதலிலிருந்து.

நிறுத்தினால் போதாது, ஒதுங்கும் இடமும் முக்கியம். 2024 நவம்பரில் பெருவில் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி, ஆட்டக்காரர்கள் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே மின்னல் தாக்கி ஒருவர் இறந்தார். தூங்குமூஞ்சி மரத்தடி, ஷாமியானா, கோல்போஸ்ட், கம்பிவேலி எதுவும் பாதுகாப்பு இல்லை. பள்ளிக் கட்டடத்துக்குள் போகலாம், கதவை மூடிய காருக்குள் உட்காரலாம். மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலியைக் கமிட்டியில் ஒருவராவது போனில் வைத்திருங்கள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்தான், முடிச்சிடலாம்" என்பவர்களுக்கு 2025 கிளப் உலகக் கோப்பையைக் காட்டலாம். செல்சி - பென்ஃபிகா ஆட்டத்தை 86-ஆம் நிமிட வாக்கில் மின்னல் அபாயத்துக்காக நிறுத்தி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்தே தொடர்ந்தார்கள். 1-0 என்று முன்னணியில் இருந்த செல்சி, திரும்பி வந்ததும் கடைசி நேரப் பெனால்டியில் கோல் வாங்கி, கூடுதல் நேரம் ஆடித்தான் 4-1 என்று ஜெயித்தது.

மாற்றுத் தேதி இல்லாமல் நடத்துவது

ஒரு ரிசர்வ் நாளையும் முடிந்தால் மணல் தரை உள்ள இன்னொரு கிரவுண்டையும் முன்பே பேசி வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது 'சென்னையின் எஃப்.சி.' அணி இந்தியன் சூப்பர் லீகில் தன் சொந்த மைதான அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றி ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. கோப்பையும் அந்த வருடம் அவர்களுக்கே.

நம் போட்டிகளில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வேன் வைத்து வரும் வெளியூர் டீமுக்குப் புறப்படுவதற்கு முன்பே தகவல் போக வேண்டும், கிரவுண்டுக்கு வந்து பனியன் மாற்றிய பிறகு அல்ல. ரிசர்வ் நாளிலும் ஆட்டம் நடக்காவிட்டால் என்ட்ரி ஃபீஸில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் பேனரிலேயே போடுங்கள். சாக்கடை கலந்த தண்ணீரில் ஆட நேர்ந்துவிட்டால் காயங்களை அன்றே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் ஆடியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு.