'கெட்டியான பொருள்' என்று ஒன்று இல்லை

போன வாரம் ஒரு வரைபடத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். நீளமான ஒரு கை, அதன் நுனியில் ஒரு சென்சார். சுமை ஏறினால் கை தேவைக்கு மேல் தொய்கிறது. வரைந்தவர் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பொருளுக்கான கட்டத்தில் சாதாரண எஃகான மைல்டு ஸ்டீலை அடித்துவிட்டு, விலை கூடிய ஒரு அலாய் ஸ்டீலின் பெயரை எழுதியிருந்தார். "தொய்வுக்காகத்தான் சார் மாத்தினேன், இது இன்னும் கெட்டி" என்றார். இதே காரணத்தைச் சொல்லி இதே திருத்தத்தை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உலோகம், பீங்கான், பாலிமர், கலப்புப் பொருள் என்ற பாகுபாட்டை மனப்பாடம் செய்வதில் யாரும் தவறுவதில்லை. அலகு மாற்றும்போது வரும் பிழைகளையும் விட்டுவிடுகிறேன். இரண்டு முறை மாட்டிக்கொண்டால் அது தானாகச் சரியாகிவிடும். ஒரு பொருள் ஒரு குணத்தில் உயர்ந்தது என்றதும் மற்ற குணங்களிலும் உயர்ந்ததுதான் என்று எடுத்துக்கொள்கிறோமே, அதுதான் பணத்தைத் தின்கிறது.

வலிமையும் விறைப்பும் ஒன்று என நினைப்பது

நம் பேச்சில் 'கெட்டி' என்ற ஒரே சொல் பல வேலை செய்கிறது. வளைந்துகொடுக்காததும் கெட்டி, முறியாததும் கெட்டி, கீறல் விழாததும் கெட்டி. பொறியியலில் இவை தனித்தனிக் குணங்கள். சுமை ஏறும்போது எவ்வளவு வளையும் என்பது விறைப்பு. அதைச் சொல்வது யங் குணகம்; எண் கூடினால் வளைவு குறையும். எவ்வளவு சுமை வரை பழைய வடிவத்துக்குத் திரும்பும், எப்போது நிரந்தரமாக வளைந்துவிடும் என்பது வலிமை.

இப்போது எண்களைப் பாருங்கள். மைல்டு ஸ்டீல் சுமார் 250 மெகாபாஸ்கலில் (பரப்பளவுக்கு எவ்வளவு விசை என்பதன் அலகு) நிரந்தரமாக வளையத் தொடங்கும். கடினப்படுத்திய அலாய் ஸ்டீல் 1,000 மெகாபாஸ்கல் வரைகூடத் தாங்கும். நான்கு மடங்கு வித்தியாசம். ஆனால் யங் குணகம்? எஃகுக் குடும்பம் முழுவதற்கும் 190 முதல் 210 ஜிகாபாஸ்கலுக்குள்தான். ஸ்டெயின்லெஸ் ஆனாலும் ஸ்பிரிங் ஸ்டீல் ஆனாலும் இந்த வட்டத்தைத் தாண்டாது.

என் கதைக்கு வருகிறேன். 40 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு செவ்வகக் கட்டை. நுனிச் சுமைக்கு 1.2 மில்லிமீட்டர் இறங்கியது. 0.7-க்குள் இருக்க வேண்டும். நான் 4340 ரக அலாய் ஸ்டீலுக்கு மாற்றி, சூடாக்கிக் குளிர்வித்துக் கடினப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்டும் சேர்த்து எழுதினேன். ஏழு வாரம் காத்திருந்தோம். சூளையிலிருந்து வந்த கட்டை கோணிப்போயிருந்தது. கிரைண்டிங் செய்து நேராக்கினோம். பொருத்தி, டயல் கேஜ் வைத்து, அதே சுமையை ஏற்றினோம். 1.2 மில்லிமீட்டர். கேஜ் சரியில்லை என்று வேறொன்றை வைத்துப் பார்த்தேன். மறுபடியும் 1.2. பக்கத்தில் நின்ற மூத்த ஃபிட்டர் சொன்னார்: "பொருளை மாத்தினீங்க, வடிவத்தை மாத்தலையே தம்பி."

அவ்வளவுதான் விஷயம். செவ்வகக் கட்டையின் தொய்வு அதன் உயரத்தின் மும்மடிக்கு (உயரம் × உயரம் × உயரம்) தலைகீழாகப் போகும். 40-ஐ 50 ஆக்கினால் தொய்வு பாதியாகிவிடும். அதே மைல்டு ஸ்டீலில் 50 மில்லிமீட்டர் கட்டை செய்து போட்டோம், 0.6-க்கு வந்தது. மூன்று நாள் வேலை. அந்த ஏழு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் மறுபடி தவறாது. அணுக்களுக்கு இடையே இருக்கும் பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதிலிருந்து விறைப்பு வருகிறது. எஃகில் பெரும்பங்கு இரும்பு. கொஞ்சம் நிக்கலோ குரோமியமோ சேர்ப்பதாலும், சூடாக்கிக் குளிர்விப்பதாலும் அந்தப் பிணைப்பு பெரிதாக மாறிவிடாது. அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதைத்தான் அவை தடுக்கின்றன. அதனால் நிரந்தர வளைவு தள்ளிப்போகிறது. மைல்டு ஸ்டீல் 0.125 சதவீதம் நீளும்வரை பழைய நிலைக்குத் திரும்பும், கடினப்படுத்தியது 0.5 சதவீதம் வரை திரும்பும். இரண்டும் ஒரே பாதையில்தான் போகின்றன, ஒன்று கூடுதல் தூரம் போகிறது. ஸ்பிரிங் செய்ய அந்தக் கூடுதல் தூரம் தேவை. தொய்வைக் குறைக்க அது உதவாது.

இதே தவறு அலுமினியத்தில் வேறு உருவில் வரும். 7075-டி6 ரகம் 500 மெகாபாஸ்கல் வரை தாங்கும், அதாவது மைல்டு ஸ்டீலைவிட இரண்டு மடங்கு வலிமை. அதை நம்பி அதே அளவில் மாற்றிவிடுகிறார்கள். அதன் யங் குணகம் சுமார் 70 ஜிகாபாஸ்கல்தான். பாகம் மூன்று மடங்கு அதிகமாக வளையும். அப்படியானால் அலுமினியம் விறைப்புக்கு ஆகாதா என்றால், அதுவும் இல்லை. ஒரே எடையில் ஒரே பரப்புள்ள தகடு எடுத்தால் அலுமினியத் தகடு எஃகைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடிமனாக இருக்கும். வளைவை எதிர்ப்பதில் 8 மடங்குக்கு மேல் முந்திவிடும். நேராக இழுக்கப்படும் கம்பியில் மட்டும் இந்த லாபம் கிடையாது. யங் குணகத்தை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள்: எஃகு, அலுமினியம், டைட்டானியம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வரும். ஆக, சுமை இழுக்கிறதா வளைக்கிறதா என்று தெரியாமல் பொருள்களை வரிசைப்படுத்தவே முடியாது.

கடினமானது உடையாது என நம்புவது

கண்ணாடி மைல்டு ஸ்டீலைவிடக் கடினமானது. ஆனால் விரிசல் பரவாமல் தடுப்பதில் எஃகு கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல். வைரத்தையும் சரியான திசையில் தட்டினால் பிளக்கும். தகட்டில் துளையிடும் பன்ச்சின் முனை சிதறுகிறது என்றதும், கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவை 58-லிருந்து 62-க்கு ஏற்றச் சொல்லும் புதியவர்களைப் பார்க்கிறேன். தேய்ந்தால் ஏற்றலாம். சிதறுகிறது என்றால் இறக்க வேண்டும்.

உலோகம் என்றால் வளையும்

சாம்பல் நிற வார்ப்பிரும்பு இழுத்தால் 1 சதவீதம்கூட நீளாமல் உடையும்.

காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை

430 ரக ஸ்டெயின்லெஸில் காந்தம் நன்றாகவே ஒட்டும். குளிர்நிலையில் வளைத்த 304 ரகத்திலும் லேசாக ஒட்டும்.

வெப்பநிலையைக் கேட்காமல் அட்டவணையைப் படிப்பது

குண அட்டவணையில் இருப்பவை பெரும்பாலும் அறை வெப்பநிலையில் எடுத்த எண்கள். 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லாந்தில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில் நின்றபடியே கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. எஃகு உடையாமல் நீண்டு வளையும் தன்மையுள்ளது என்றுதான் வகைப்படுத்தியிருந்தார்கள். குளிரில் அந்த எஃகு கண்ணாடி போல நொறுங்கும் நிலைக்குப் போனது. வெல்டிங் குறையிலிருந்து கிளம்பிய விரிசல் நிற்கவில்லை. அலுமினியத்தில் இப்படிப்பட்ட திடீர் மாற்றம் கிடையாது. ரப்பர் சீல்களில் உண்டு: 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் சிதறியதற்கு, குளிரில் மீளும் வேகத்தை இழந்த ஓ-ரிங் ஒரு முக்கியக் காரணம். ஒரு பாகம் எந்தக் குளிரில், எந்தச் சூட்டில் வேலை செய்யும் என்று தெரியாதவரை, 'நீண்டு வளைவது', 'நொறுங்குவது' என்ற பெயர்களை அதன் மேல் ஒட்டாதீர்கள்.

வழக்கமான மதிப்பை வைத்து வடிவமைப்பது

கூடாது. அது சராசரிதான். குறைந்தபட்ச உத்தரவாத மதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்டிக் என்றால் தண்ணீருக்குப் பயமில்லை

நைலான் 6 தண்ணீரில் ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் வரை நீரை உறிஞ்சும். அளவு பெருக்கும், விறைப்பு பாதிக்கும் கீழே போகும். உலர்ந்த நிலையில் சுழலும் தண்டுக்குக் கச்சிதமாகக் கடைந்து போட்ட நைலான் புஷ் (தண்டைத் தாங்கும் குழல்), ஈரமான இடத்தில் சில வாரத்தில் தண்டையே பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் நான் அசெட்டால் என்ற வேறொரு பிளாஸ்டிக்கைப் போடுகிறேன். அது உறிஞ்சுவது 1 சதவீதத்துக்கும் கீழே. நைலான்தான் வேண்டுமென்றால், ஊறிப் பெருத்த பிறகு என்ன அளவு வரும் என்று கணக்கிட்டுவிட்டுத் துளையைக் கடையுங்கள்.