நிறம் விட்டுக்கொண்டே இருந்த சியோலைட்

மட்டக்களப்பில் வாவிக்காற்று வீசும் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் இரண்டு மாதம் என்னை வதைத்தது ஒரு செம்மஞ்சள் தூள். சியோலைட் ஒய் என்னும், நுண்ணிய அறைகள் நிறைந்த துளைப்பொருளுக்குள் ருத்தேனியம் டிரிஸ்பைபிரிடின் சிக்கலை, அதாவது ருத்தேனிய அயனைச் சுற்றி மூன்று பைபிரிடின் மூலக்கூறுகள் பிணைந்த செம்மஞ்சள் சேர்மத்தை, உருவாக்கியிருந்தேன். ஒளி பட்டால் அது பக்கத்து நுண்ணறையில் இருக்கும், இலத்திரனை வாங்கக்கூடிய மெதில் வயலஜனுக்கு ஓர் இலத்திரனைக் கொடுக்க வேண்டும்.

ஆனால் எத்தனை முறை தண்ணீரில் கலக்கினாலும் மேலே நிற்கும் நீர் செம்மஞ்சளாகவே வந்தது. அப்படியானால் நான் அளந்த இலத்திரன் மாற்றம் துளைக்குள் நடந்ததா, வெளியிலா? சொல்ல வழியில்லை.

கணக்கை மறுபடி யோசித்தேன். சியோலைட் ஒய்யின் பெரிய அறை சுமார் 1.3 நனோமீற்றர், அதன் வாசல் 0.74 தான். சிக்கல் ஏறக்குறைய 1.2. போத்தலுக்குள் பிஞ்சாக விட்டு வளர்ந்த வெள்ளரிக்காய் மாதிரி, உள்ளே உருவானது வெளியே வரவே முடியாது. அப்போ கழன்று வருவது மேற்பரப்பில் ஒட்டியது மட்டும்!

வெறும் தண்ணீர் அதை முழுதாக எடுக்காது. சிக்கல் ஒரு நேரயன், அதாவது நேரேற்றமுள்ள அயன், என்பதால் அதைத் தள்ள இன்னொரு நேரயன் வேண்டும். செறிந்த சோடியம் குளோரைட்டுக் கரைசலில் இரவு முழுக்கக் கலக்கி, மையநீக்கியில் சுற்றி, திரும்பத் திரும்பக் கழுவினேன். ஐந்தாம் தடவை நீர் தெளிந்தது. தூளின் நிறம் அப்படியே இருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமல்ல.

மெதில் வயலஜனை அதற்குப் பிறகுதான் ஏற்ற வேண்டும். முதலில் ஏற்றினால் உப்பு அதையும் வெளியேற்றிவிடும்.