காத்தாடிக்கு ஹப் எடுக்கப் போறவங்களுக்கு

உடுமலைப் பக்கம் லேத் பட்டறை வச்சிருக்கேன். வைகாசியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இறங்க ஆரம்பிச்சா போதும், தோட்டத்துச் சாளைக்கு ஒரு சின்னக் காத்தாடி செஞ்சு பேட்டரி சார்ஜ் பண்ணிக்கலாம்னு யாராவது பழைய ஹப்பும், அதாவது இறக்கையை மாட்டிச் சுத்த விடுறதுக்குக் கார் சக்கரத்தோட நடுப்பாகமும், கையுமா வந்து நிப்பாங்க. அதுல பாதி, அப்படியே கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய ஹப். அதனால காயலான் கடைக்குப் போறதுக்கு முன்னாடியே இதைப் படிச்சுட்டுப் போங்க.

நான் சொல்றது எட்டடி, அதாவது 2.4 மீட்டர் விட்டமுள்ள மூணு இறக்கைக் காத்தாடிக்கு. ஹப்போட சேர்ந்து சுத்துற ரெண்டு காந்தத் தட்டு, நடுவுல சுத்தாத காயில் தட்டு (செம்புக் கம்பிச் சுருள், கரண்ட் வர்றது இதுலதான்). பெல்ட், பல்சக்கரம் எதுவும் கிடையாது.

எல்லாரும் முதல்ல கேக்கிறது, "பேரிங் தாங்குமாண்ணே?" தாங்கும். காத்து மணிக்கு 36 கிலோமீட்டர்ல அடிக்கும்போது இறக்கை நுனி அதைப் போல ஆறு மடங்கு வேகத்துல போகுதுன்னு வச்சாலும், ஹப் நிமிஷத்துக்கு 480 சுத்துதான் சுத்தும். மாருதி 800 மணிக்கு 60-ல போனா அதோட 145/70 ஆர்12 டயர் 625 சுத்துக்கிட்ட சுத்துது. அந்தக் காத்து இறக்கையைப் பின்னால தள்ற விசை ஏறக்குறைய 25 கிலோ. ஆளேறின மாருதியில பின்சக்கரம் ஒண்ணொண்ணும் 200 கிலோவுக்கு மேல சுமக்குது. சுமையும் வேகமும் ஹப்புக்கு ஒரு பொருட்டே இல்ல. நாம பாக்க வேண்டியது ரெண்டே விஷயம்: ஆட்டம், இழுவை (லேசா சுத்த விடாம பிடிக்கிறது). கார்ல இந்த ரெண்டும் கொஞ்சம் இருந்தாலும் ஓட்டிட்டுப் போயிடலாம். காந்தத்துக்கும் காயிலுக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஓட்டுற மிஷின்ல முடியாது.

எந்தச் சக்கரத்தை எடுக்கணும்? எஞ்சின் பவர் போகாத சக்கரத்தை. முன்சக்கரம் இழுக்கிற வண்டின்னா பின்ஹப், பின்சக்கரம் தள்ற வண்டின்னா முன்ஹப். அதுலதான் அசையாத ஸ்டப் ஆக்சிலும் (குட்டை அச்சு) அது மேல சுத்துற ஹப்பும் தனித்தனியா இருக்கும். மாருதி 800-ன்னா பின்பக்கம். இப்ப வர்ற கார்கள்ல முன்சக்கரத்து யூனிட் பேரிங் பளபளன்னு ஆசை காட்டும், வாங்காதீங்க. அதுல பல பேரிங்குகள் நடுவுல டிரைவ் ஷாஃப்ட்டைச் செருகி நட்டை முறுக்கினாத்தான் கட்டுக்குள்ள நிக்கும். ஷாஃப்ட் இல்லாம மாட்டினா நாளாவட்டத்துல உள்கோன் (பேரிங்கோட உள்வளையம்) பிரிஞ்சுடும். பைக் ஹப்பும் ஆகாது. அதோட ஆக்சில் ரெண்டு முனையிலயும் பிடிமானம் கேக்கும், காத்தாடியில நமக்கு ஒரு முனைதான் கிடைக்கும். டிராக்டர் டிரெய்லர் ஹப் உழைக்கும், ஆனா எட்டடிக் காத்தாடிக்கு அவ்வளவு கனம் கம்பத்து உச்சியில எதுக்கு? பன்னெண்டடி செய்றவங்க ஜீப், பொலிரோ முன்ஹப் பக்கம் போகலாம்.

ஸ்டட் (சக்கரத்தை மாட்டுற போல்ட்) கணக்கு: மாருதிக்கு நாலு ஸ்டட், வட்டத்தோட விட்டம் 114.3 மில்லிமீட்டர். எதிரெதிர் ஸ்டட்டை வெர்னியர்ல அளந்தாப் போதும். ஜீப் வகைக்கு அஞ்சு ஸ்டட், 139.7. இதுல நேர் எதிர்ல ஸ்டட் இருக்காது, அதனால அட்டையை ஸ்டட் மேல வச்சு அமுக்கி அச்செடுத்துட்டு வாங்க. மூணு இறக்கைக்கு மூணு ஸ்டட் வேணுமேன்னு குழம்ப வேண்டாம். இறக்கைகள் பிளைவுட் தட்டுக்கு நடுவுல சேர்ந்து நிக்கும், ஸ்டட் அந்தத் தட்டுக்குத்தான்.

இனி கடையில பாக்க வேண்டியது. கையில ஒரு துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், வெர்னியர் இருக்கட்டும். கடைக்காரர் ஹப்பைச் சுத்திக் காட்டி, "பாருங்க, எவ்வளவு ஸ்மூத்தா போகுது"ன்னு சொல்வார். காஞ்சுபோன கிரீஸ் எல்லாக் கோளாறையும் மூடி வைக்கும், அதை நம்பாதீங்க. நட்டைக் கழட்டி ஹப்பை உருவச் சொல்லுங்க. மாட்டேன்னா அடுத்த கடை.

உருவினதும் முதல்ல ஸ்டப் ஆக்சில். கோன் உக்கார்ற ரெண்டு இடத்தையும் துடைச்சுட்டு, கட்டைவிரல் நகத்தை நீளவாக்குல இழுங்க. நகம் எங்கயும் தடுக்கக் கூடாது. தடுக்குதுன்னா கோன் நிக்காம ஆக்சில் மேலயே சுத்தித் தின்னிருக்குன்னு அர்த்தம். நீலம் பாஞ்சிருந்தா சூடேறி வெந்த ஆக்சில், வேண்டாம். அடுத்து ஹப்புக்குள்ள, கப் (பேரிங்கோட வெளிவளையம்) உக்கார்ற துவாரம். கப் கையால தள்ளினா வெளிய வரக்கூடாது. சில ஹப்புல உள்சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியா பஞ்ச் அடிச்சிருப்பாங்க. கப் லூசாகி சுத்தினதும் புதுசா வாங்க மனசில்லாம யாரோ ஒரு மெக்கானிக் பண்ணின வேலை அது. கார்ல பத்து மாசம் ஓடியிருக்கலாம், ஆனா அந்தப் புள்ளி மேல உக்கார்ற கப் நேரா நிக்காது. கப் நேரா நிக்கலேன்னா தட்டு ஆடும், காந்தம் காயிலை உரசும். பஞ்ச் பாத்தா பேசாம நகர்ந்துடுங்க.

பிரேக் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பா இருந்தா பயப்பட வேண்டாம். லேத்துல ஓரத்தைக் கழிச்சு ஃப்ளாஞ்சை (ஸ்டட் நிக்கிற தட்டை) மட்டும் வச்சுக்கலாம். ஸ்காட்லாந்துல கரண்ட் லைன் போகாத ஸ்கோரைக்ல வாழ்ற ஹியூ பிகாட், வேன் பிரேக் டிரம்முக்குள்ளயே காந்தத்தை ஒட்டிக் காத்தாடி செஞ்சவர்தான். வார்ப்புல விரிசல் இருக்கான்னு மட்டும் சுத்தியலால லேசா தட்டிப் பாருங்க. நல்லதுன்னா கணீர்னு கேக்கும்.

பேரிங்கை மட்டும் பழசுல வாங்கவே வாங்காதீங்க. ஹப்போட வந்த பேரிங் நம்பர் பாக்க மட்டும்தான். 6205-ன்னா பால் பேரிங். கடைசி ரெண்டு எண்ணை அஞ்சால பெருக்கினா உள்துவாரம், 25 மில்லிமீட்டர். 30205 டேப்பர் ரோலர் (கூம்பு வாக்குல சரிஞ்ச ரோலர் பேரிங்), அதுக்கும் அதே 25, வெளிவட்டம் 52. 30206-ன்னா 30-க்கு 62. நம்பர் எல் (L) அல்லது எல்எம் (LM) எழுத்துல தொடங்கினா அது அங்குலக் கணக்கு. கோனுக்கு ஒரு நம்பர், கப்புக்கு ஒரு நம்பர், ரெண்டையும் எழுதிட்டுப் போகணும். எல்44649 கோனுக்கு எல்44610 கப். புதுக் கோனைப் பழைய கப்புல போட்டு மிச்சம் பிடிக்காதீங்க. என்னைக் கேட்டா டேப்பர்தான் முதல் தேர்வு: ஆட்டத்தை நட்டாலேயே திருத்திக்கலாம், பால் பேரிங்ல தேஞ்சா மாத்தத்தான் வேணும்.

இழுவைக்கு முக்கியக் காரணம் ஆயில் சீல். புது சீல் ஆக்சிலை இறுக்கிப் பிடிச்சுக்கும், இளங்காத்துல காத்தாடி கிளம்பாது. சீலே வேண்டாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. நம்ம ஊர்ப் புழுதிக்கும் ஐப்பசி மழைக்கும் அது சரிவராது. சீல் உதட்டுக்குள்ள மெல்லிசா ஒரு ஸ்பிரிங் வளையம் இருக்கும், அதை மட்டும் உருவிட்டு மாட்டுங்க. கிரீஸை ரோலர்களுக்குள்ள நல்லா ஏத்திட்டு, நடுக்குழியில மூணுல ஒரு பங்கு போதும்.

மாட்டுறப்போ நட்டை ஸ்பேனரால இறுக்கிக்கிட்டே ஹப்பைக் கையால சுத்துங்க, ரோலர் இடம் பாத்து உக்காரும். அப்புறம் நட்டை முழுசா தளர்த்தி, விரலால எவ்வளவு இறுகுதோ அவ்வளவு மட்டும் இறுக்குங்க. பின் துளை சேரலேன்னா நட்டைத் தளர்த்துற பக்கமா ஒரு பல் திருப்பி ஸ்பிளிட் பின் போடுங்க. இப்ப ஒரு ஸ்டட்ல பட்டையைக் கட்டி, மையத்துலருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி 100 கிராம் எடையைத் தொங்கவிடுங்க. பட்டை கிடைமட்டமா இருக்கும்போது விட்டா ஹப் தானா திரும்பணும். திரும்பலேன்னா சீலையும் கிரீஸையும் மறுபடி பாருங்க. அப்புறம் தட்டை மாட்டி, ஆக்சில்ல ஒரு கம்பியைக் கட்டி அதோட முனையைத் தட்டு ஓரத்துக்கு நேரா வச்சுச் சுத்துங்க. அரை மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி மாறினா ஃப்ளாஞ்சை லேத்துல ஒரு வெட்டு எடுக்கணும்.

ஸ்டப் ஆக்சிலை ஃபிரேமுக்கு வெல்டிங் வைக்காதீங்க. அது சாதா இரும்பு இல்ல, பத்த வச்ச இடத்துல விரிசல் விடும். அதோட அடித்தட்டுலயே போல்ட் ஓட்டை இருக்கும், பத்து மில்லிமீட்டர் பிளேட்டுல போல்ட் போட்டு முடுக்குங்க. பக்கத்துல வேற ஏதாவது வெல்டிங் வைக்கணும்னா பேரிங்கைக் கழட்டி வச்சுட்டு வைங்க. கரண்ட் ரோலர் வழியா பாஞ்சா புது பேரிங்குலயும் குழி விழும். காத்துக்கு முகம் காட்டுற காத்தாடின்னா பெரிய பேரிங் பின்னால வரணும். அப்பதான் காத்து தள்ற தள்ளு ஆக்சிலோட தோள்பட்டைக்குப் போகும், நட்டுக்குப் போகாது.

கம்பத்து மேல திரும்புறதுக்கும் ஒரு ஹப் வேணுமான்னு கேப்பாங்க. வேண்டாம், குழாய் மேல குழாய் செருகிக் கிரீஸ் தடவினா போதும். அங்க ரொம்ப லேசா திரும்பினா இறக்கைதான் அடி வாங்கும்.

கடையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி நட்டு, நாக்கு வாஷர், மூடி மூணையும் கேட்டு வாங்கிடுங்க. நாக்கு வாஷர் இல்லேன்னா கோன் திரும்பும்போது நட்டையும் சேர்த்துத் திருப்பும், பின்னாடி தனியா தேடினா அதே அளவுல கிடைக்கிறது கஷ்டம்.