ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் டெக் கட்ட பெர்மிட் வாங்குவது எப்படி?

வர்ஜீனியாவில் வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் முதல் கோடையிலோ இரண்டாம் கோடையிலோ என்னிடம் கேட்பது இதுதான்: "பின்னாடி ஒரு டெக் போடணும், பெர்மிட் வேணுமா?" டெக் என்றால் வீட்டை ஒட்டி மரப்பலகையில் போடும் திறந்த மேடை. அதற்குப் பெர்மிட் வேண்டும். 256 சதுர அடிக்கு மேற்படாத சாமான் கொட்டகை, சாதாரண வேலி போன்றவற்றுக்கு மாநிலக் கட்டட விதி பெர்மிட் கேட்பதில்லை. ஆனால் வீட்டோடு சேர்த்து, தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் டெக் அந்தப் பட்டியலில் வராது. பிறந்தநாளன்று இருபது பேர் ஒரே நேரத்தில் ஏறி நிற்கப்போகும் இடம் அது. அதனால் இந்த விதியை நான் மனதார ஆதரிக்கிறேன்.

முதலில், நீங்கள் இருப்பது கவுண்டியில்தானா?

கடித முகவரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். முகவரியில் அலெக்சாண்ட்ரியா என்றோ ஃபால்ஸ் சர்ச் என்றோ இருக்கும், ஆனால் வீடு ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்குள் இருக்கும். வர்ஜீனியாவில் நகரங்கள் கவுண்டியில் அடங்காத தனி ஆட்சிகள். ஃபேர்ஃபாக்ஸ் நகரமும் அப்படித்தான். பெயர் ஒன்று, அலுவலகம் வேறு. வீட்டு வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வரி கேட்பது கவுண்டி என்றால் பெர்மிட்டும் அங்கேதான். வியன்னா, ஹெர்ண்டன், கிளிஃப்டன் டவுன்களில் இருப்பவர்கள் மட்டும் இரண்டு இடம் போக வேண்டும்: மனையில் எங்கே எவ்வளவு கட்டலாம் என்ற விதிக்கு டவுன், கட்டட பெர்மிட்டுக்குக் கவுண்டி.

பிளாட்டைத் தேடி எடுங்கள்

பிளாட் என்பது சர்வேயர் அளந்து வரைந்த மனை வரைபடம். வீடு கிரயமான அன்று கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் பெரும்பாலும் இருக்கும். எல்லைக் கோடுகள், வீடு நிற்கும் இடம், வடிகாலுக்கும் மின்கம்பிக்கும் ஒதுக்கிய பட்டைகள் எல்லாம் அதில் தெரியும். அந்தப் பட்டைக்கு ஈஸ்மென்ட் என்று பெயர். நிலம் உங்களுடையதுதான், ஆனாலும் அதன்மேல் டெக் போட முடியாமல் போகலாம்.

காண்ட்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிளாட்டின் பிரதி ஒன்றில் டெக்கை அதே அளவுகோலில் வரைந்து, ஒவ்வொரு எல்லைக் கோட்டுக்கும் எத்தனை அடி என்று எழுத வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயம் பலருக்கு நாள்கணக்கில் தாமதம் ஆக்குகிறது. பிரதி எடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு இருந்தால் பிரிண்டர் படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடும். ஓர் அங்குலத்துக்கு 30 அடி என்று மூலையில் அச்சாகியிருக்கும், ஆனால் ஸ்கேல் வைத்தால் ஒத்துவராது. நூறு சதவீத அளவில் எடுங்கள். எடுத்த பிறகு, நீளம் குறித்திருக்கும் ஒரு எல்லைக் கோட்டின் மேல் ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள்.

மனைக்குப் பின்னால் ஓடை இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். செசபீக் விரிகுடாவைக் காக்க 1988-ல் வந்த மாநிலச் சட்டத்தின்படி, ஆண்டு முழுதும் ஓடும் நீரோடையிலிருந்து 100 அடிக்குக் குறையாமல் பாதுகாப்புப் பகுதி உண்டு. அதற்குள் வேலை என்றால் தனி அனுமதி.

உங்கள் குடியிருப்பில் எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், இருந்தால் அவர்கள் ஒப்புதலையும் இப்போதே கேளுங்கள். கவுண்டியும் அவர்களும் ஒருவருக்காக ஒருவர் பேச மாட்டார்கள். அவர்கள் கைப்பிடியையோ அளவையோ மாற்றச் சொன்னால் வரைபடத்தையும் மாற்ற வேண்டிவரும்.

வரைபடம்

சாதாரண ஒற்றை மட்ட டெக்குக்கு எஞ்சினியர் தேவையில்லை. கவுண்டியே மாதிரி டெக் விவரப் படங்களை வெளியிட்டிருக்கிறது. உத்தரம் என்ன அளவு, தூண்கள் எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் அட்டவணையாகவே இருக்கும். ஹாட் டப் என்ற வெந்நீர்த் தொட்டி வைக்கவோ, மேலே கூரை போட்டு அறையாக்கவோ எண்ணமிருந்தால் அந்தப் படங்கள் போதாது. அதற்கென்று தனி வரைபடம் வேண்டும்.

எல்லாவற்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டியது லெட்ஜர். டெக்கின் ஒரு பக்கத்தை வீட்டுச் சுவரோடு பிணைக்கும் பலகை அது. டெக் இடிந்து விழும் விபத்துகள் பலவற்றில் முதலில் பிடி விடுவது இதுதான். ஆணி மட்டும் அடித்தால் போதாது. போல்ட்டோ அதற்கென்று உள்ள திருகாணியோ வேண்டும், மேலே தண்ணீர் உள்ளே இறங்காதபடி தகடும் வேண்டும். வெளிச்சுவர் செங்கல்லாகத் தெரிந்தால் நின்று யோசியுங்கள். இங்குள்ள பல வீடுகளில் அந்தச் செங்கல் வெறும் முகப்பு. சுமை தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். அதனால் செங்கல் முகப்பின் மேல் லெட்ஜர் பொருத்தக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, சுவரைத் தொடாமல் தன் தூண்களிலேயே நிற்கும் டெக்தான் சரி. அப்போது சுவரோரம் வரும் தூண்களுக்கு அஸ்திவாரக் குழி வீட்டின் அஸ்திவார ஆழத்துக்கே போக வேண்டும். சுவரை ஒட்டியிருப்பது வீடு கட்டும்போது தோண்டி மூடிய மண், அது அமுங்கும்.

விண்ணப்பம்

சரி, காகிதம் தயார். கவுண்டியின் பிளஸ் இணையதளத்தில் கணக்குத் திறந்து, பிளாட்டையும் வரைபடத்தையும் பிடிஎஃப் ஆக ஏற்றி, கட்டணம் கட்ட வேண்டும். திருத்தம் கேட்டு எழுதினால் கேட்டதை மட்டும் மாற்றி மறுபடி ஏற்றுங்கள்.

விண்ணப்பம் யார் பெயரில்? உரிமம் உள்ள காண்ட்ராக்டர் வேலை செய்வதானால் அவர் பெயரில் இருப்பதுதான் நல்லது. "சார், நீங்களே எடுத்துடுங்க, சீக்கிரம் கிடைக்கும்" என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் எடுத்தால் விதிமீறலுக்கும் நீங்களே பொறுப்பு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி எடுத்துக் கொடுத்தது. வேலைக்கு வந்தவர் தூண் குழியைக் கவுண்டி இன்ஸ்பெக்டரிடம் காட்டாமலே கான்கிரீட் ஊற்றிவிட்டார். கடைசியில் அதை உடைத்தெடுக்கும் செலவு அவர்கள் தலையில் விழுந்தது.

வேலை தொடங்கியதும்

தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811-க்குப் போன் செய்யுங்கள். மின்சாரம், எரிவாயு போகும் இடங்களில் வந்து வண்ணம் அடித்துக் காட்டுவார்கள், இலவசம்தான். பெர்மிட் வந்து 6 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் கவுண்டி அதை ரத்து செய்யலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்ஸ்பெக்‌ஷன் பொதுவாக மூன்று. முதலாவது, குழி. உறைபனி எட்டாதபடி குறைந்தது 24 அங்குல ஆழம், அடியில் கலையாத கெட்டி மண், தேங்கிய தண்ணீர் கூடாது. முந்தின இரவு மழை பெய்திருந்தால் காலையில் தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்துவிட்டு இன்ஸ்பெக்டரை வரச்சொல்லுங்கள். அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கான்கிரீட். இரண்டாவது, மேலே பலகை போட்டு மூடுவதற்கு முன் மரச்சட்டம். லெட்ஜரின் போல்ட்டுகளை அப்போதுதான் பார்க்க முடியும். மூன்றாவது, இறுதிப் பார்வை. டெக் தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயரம் என்றால் தடுப்பு 36 அங்குலம் இருக்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குல உருண்டை புகக் கூடாது, குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இது. அவர் வருமுன் நீங்களே ஒவ்வோர் இடைவெளியிலும் டேப் வைத்து அளந்துவிடுங்கள், முக்கியமாகப் படிக்கட்டுத் திருப்பத்தில்.

தேறியதும் பிளஸ் கணக்கில் அந்தப் பதிவு வரும். அதை அச்செடுத்துப் பிளாட்டோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவர் டெக்கைப் பார்த்தவுடன் கேட்கும் காகிதம் அதுதான்.