லாரவெலில் தாய்ப் பதிவு போயும் பிள்ளைப் பதிவு போகவில்லையா?

படுவான்கரைப் பக்கம் நெல் வாங்கும் களஞ்சியங்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். மட்டக்களப்பில் இருந்து லாரவெலில் (பிஎச்பி மொழிக்கான ஒரு கட்டமைப்பு) எழுதுகிறேன், தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல். அறுவடை தொடங்கினால் இப்படி ஒரு அழைப்பு நிச்சயம் வரும்: "தம்பி, பிழையாப் போட்ட சீட்டை அழிச்சிட்டன், ஆனா மூட்டைக் கணக்கு அப்பிடியே நிக்குது." நான் சொல்வது: "முதலாளி, இனி ஒண்டையும் தொடாம வையுங்க, நான் பாத்துச் சொல்றன்." அதன் பிறகு நான் எந்த ஒழுங்கில் பார்ப்பேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமைப்பு எளிது. ஒரு விவசாயிக்குப் பல சீட்டு, அதாவது நெல் வாங்கிய பற்றுச்சீட்டு. ஒரு சீட்டுக்குள் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு நிறைப் பதிவு. சீட்டு தாய், நிறை பிள்ளை. வாசிக்க வசதியாக, கோடிலும் இந்தப் பெயர்களையே போடுகிறேன்.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பிள்ளையை அழிக்க வேண்டியது யார், எலோக்வென்டா (லாரவெலில் டேபிள்களை மாடல்களாகக் கையாளும் பகுதி), தரவுத்தளமா? மாடலில் ஹேஸ்மெனி (ஒன்றுக்குப் பல) என்று உறவை எழுதிவிட்டால் அழிப்பதும் சேர்ந்து நடக்கும் என்று புதிதாக வருபவர்கள் பலர் நம்புகிறார்கள். நடக்காது. ஹேஸ்மெனி தேடி எடுக்க மட்டும்தான். அழிப்பதை ஒன்றில் பிள்ளையைத் தாயோடு கட்டும் ஃபாரின் கீயில் கேஸ்கேட் (தாய் அழிந்தால் பிள்ளையும் அழியும் விதி) போட்டு தரவுத்தளத்திடம் கொடுக்க வேண்டும், அல்லது அழிப்பதற்குச் சற்று முன் ஓடும் மாடலின் டிலீட்டிங் ஈவன்டில் நாமே எழுத வேண்டும்.

ஊகிக்காமல் கண்ணால் பாருங்கள். டிங்கர் என்ற லாரவெல் கட்டளைத் திரையைத் திறந்து, டிபி::எனேபிள்குவெரிலாக்() போட்டு, சோதனைக் கணினியில் ஒரு சீட்டை அழித்துவிட்டு, லாக்கை வாசியுங்கள். சீட்டு டேபிளில் ஒரு டிலீட் வரி மட்டும் இருந்தால் எலோக்வென்ட் பிள்ளையைத் தொடவில்லை, எல்லாம் தரவுத்தளத்தின் கையில். நிறை டேபிளுக்கும் டிலீட் வரி வந்திருந்தால் ஈவன்ட் வேலை செய்கிறது. டிலீட்டுக்குப் பதிலாக அப்டேட் வரி வந்து அதில் டிலீட்டட்_அட் இருந்தால், அது சாஃப்ட் டிலீட், அதாவது அழிக்காமல் மறைப்பது. வரியே வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை என்றால், ஏதோ ஒரு டிலீட்டிங் ஈவன்ட் ஃபால்ஸைத் திருப்பி அனுப்புகிறது. லாரவெல் அதைத் தடையாக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றுவிடும்.

அடுத்தது தரவுத்தளம். டேபிள் அமைப்பை எழுதும் மைக்ரேஷன் கோப்பைப் பார்த்து "கேஸ்கேட் இருக்குதே" என்று சொல்ல வேண்டாம். ஒருமுறை ஓடிய மைக்ரேஷனைப் பின்னர் திருத்தினால் தரவுத்தளத்தில் எதுவும் மாறாது. ஷோ கிரியேட் டேபிள் போட்டு உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஃபாரின் கீ வரி இருந்தும் அதில் ஆன் டிலீட் என்று எதுவும் இல்லாவிட்டால், பிள்ளை இருக்கும் தாயை அழிக்க விடாமல் 1451 பிழை வரும். அதே வெளியீட்டின் கடைசியில் இன்ஜின் (தரவைச் சேமிக்கும் முறை) பெயரையும் வாசியுங்கள். பழைய சேர்வரில் இருந்து வந்த டேபிள்கள் மையைசாமாக இருக்கலாம். அது ஃபாரின் கீ வரியைப் பிழை சொல்லாமல் வாங்கிக்கொண்டு தூக்கி எறிந்துவிடும். ஃபாரின் கீயை ஏற்கும் இன்னோடிபி இன்ஜினுக்கு மாற்றினாலும் எறிந்த கீ திரும்பி வராது, புதிதாகச் சேர்க்க வேண்டும்.

சேர்க்கப் போனால் 1452 பிழை வரலாம். தாய் இல்லாத நிறைப் பதிவுகள் ஏற்கெனவே கிடக்கின்றன என்று அர்த்தம். நிறை டேபிளோடு சீட்டு டேபிளை லெஃப்ட் ஜாயின் போட்டு, சீட்டு டேபிளின் ஐடி வெற்றாக (NULL) வரும் வரிகளைத் தேடி எடுங்கள். அவற்றை உடனே அழிக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் மூலம் காப்புப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, களஞ்சியக்காரரிடம் கைப்புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஒரு விவசாயியின் பணம். பிறகு புது மைக்ரேஷனில், பழைய கீ இருந்தால் டிராப்ஃபாரின் செய்து, கேஸ்கேட்ஆன்டிலீட் உடன் திரும்பப் போடலாம்.

இனி சாஃப்ட் டிலீட். நான் பார்த்த சிக்கல்களில் அதிகமானவை இங்கேதான். சாஃப்ட் டிலீட்டில் சீட்டின் வரி அழிவதில்லை, அதில் ஒரு நேரம் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். தரவுத்தளத்தின் கண்ணுக்கு எதுவும் அழியவில்லை. ஆகவே கேஸ்கேட் எவ்வளவு சரியாகப் போட்டிருந்தாலும் அது ஓடாது. முதலாளி சொன்ன "அப்பிடியே நிக்குது" பெரும்பாலும் இதுதான்: சீட்டு திரையில் மறைந்துவிட்டது, நிறைகளைக் கூட்டும் அறிக்கை நிறை டேபிளை நேரே கூட்டுகிறது. தீர்வு, சீட்டு மாடலின் பூட்டட் ஃபங்ஷனில் டிலீட்டிங் ஈவன்ட் எழுதி நிறைகளையும் சாஃப்ட் டிலீட் செய்வது.

அதற்குப் பிறகு வேறு ஒன்று வரும், இதைப் பார்த்துத்தான் ஆக்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஃபாரின் கீயில் கேஸ்கேட் இல்லாதபோது சீட்டை ஃபோர்ஸ் டிலீட் (நிரந்தரமாக அழிப்பது) செய்தால் 1451 வருகிறது. டிங்கரில் $சீட்டு->நிறைகள் என்று கேட்டால் வெறுமையாக இருக்கிறது. பிள்ளையே இல்லை, ஆனால் பிள்ளை இருக்கிறது என்று தரவுத்தளம் தடுக்கிறது! இரண்டும் உண்மைதான். நிறைகள் ஏற்கெனவே சாஃப்ட் டிலீட் ஆனவை. எலோக்வென்ட் அவற்றை மறைத்துக் காட்டுகிறது, தரவுத்தளத்துக்கு அந்த மறைப்பு தெரியாது. ஈவன்டுக்குள் இஸ்ஃபோர்ஸ்டிலீட்டிங் என்று சோதித்து, ஆம் என்றால் மறைந்தவற்றையும் தரும் வித்டிராஷ்ட் சேர்த்து எடுத்து ஃபோர்ஸ் டிலீட் செய்யுங்கள்.

சீட்டை மீட்டெடுக்கும்போதும் நிறைகள் தானாக வராது. ரிஸ்டோரிங் ஈவன்டில் எழுதுங்கள், ரிஸ்டோர்டில் வேண்டாம், அதற்குள் சீட்டின் டிலீட்டட்_அட் போய்விடும். அந்த நேரம் ஏன் தேவை? ஒரு மூட்டையை மட்டும் போன கிழமை தனியாக நீக்கியிருந்தால், அது திரும்பி வரக்கூடாது. சீட்டோடு சேர்ந்து அழிந்த நிறைகளை மட்டும் நேரத்தை ஒப்பிட்டு எடுங்கள். பிள்ளை முதலில் அழிவதால் ஓரிரு செக்கன் முந்தியிருக்கும், அந்த இடைவெளியை விட்டுக் கொடுங்கள்.

சரி, இந்த இரண்டு வரியையும் கவனமாகப் பாருங்கள்:

$சீட்டு->நிறைகள்()->டிலீட்();
$சீட்டு->நிறைகள்->ஈச்->டிலீட்();

வித்தியாசம் அந்த அடைப்புக்குறிதான். முதலாவது ஒரே எஸ்க்யூஎல் வரியில் அழிக்கிறது. வேகமானது, ஆனால் நிறை மாடலின் ஈவன்ட் ஒன்றும் ஓடாது. இரண்டாவது ஒவ்வொன்றாக எடுத்து அழிக்கிறது, ஈவன்ட் ஓடும். வேர் (where) நிபந்தனை போட்டு மொத்தமாக டிலீட் செய்வதும் முதலாவது வகைதான். டெஸ்ட்ராய் இரண்டாவது வகை. பேரப்பிள்ளைகள் இருந்தால், அதாவது நிறைப் பதிவுக்குக் கீழே ஈரப்பதப் பதிவும் தராசுப் படமும் இருந்தால், இரண்டாவதுதான் சரி. ஈவன்ட் வழியில் அழிக்கும்போது முழுவதையும் டிபி::டிரான்சாக்ஷனுக்குள் வையுங்கள். நடுவில் மின்சாரம் போனால் பிள்ளை அழிந்து தாய் மட்டும் நிற்கும் நிலை வரக்கூடாது.

தரவுத்தளக் கேஸ்கேடும் ஈவன்டை ஓட்டாது. வரிகள் போகும், ஸ்டோரேஜில் படங்கள் கிடக்கும். மைஎஸ்க்யூஎல் 8இல் கேஸ்கேடால் அழியும் வரிகளுக்கு டிரிகரும் (வரி மாறும்போது தரவுத்தளம் தானே ஓட்டும் கட்டளை) ஓடாது. கையிருப்பை டிரிகரால் குறைக்கும் அமைப்பு வைத்திருப்பவர்கள் இதை முதலில் சோதியுங்கள். மார்ஃப்மெனி உறவுக்கு (ஒரே பிள்ளை டேபிள், பல வகைத் தாய்) ஃபாரின் கீயே போட முடியாது, அங்கே ஈவன்ட் மட்டும்தான் வழி. பல-பல உறவென்றால் டிடாச் செய்து இணைப்பு வரிகளை நீக்க வேண்டும்.

விவசாயிக்கும் சீட்டுக்கும் இடையில் மட்டும் நான் கேஸ்கேட் போடுவதே இல்லை. ரிஸ்ட்ரிக்ட்ஆன்டிலீட் போடுகிறேன். ஒரு பெயரை அழித்ததால் பெரும்போகம் முழுவதும் வாங்கிய நெல்லின் கணக்கு போகக்கூடாது. அங்கே 1451 வருவது நல்லது. அதைப் பிடித்து, "இவருக்குச் சீட்டு இருக்கிறது, அழிக்க முடியாது" என்று திரையில் தமிழில் காட்டுங்கள்.

எல்லாம் திருத்திய பிறகு ஒரு டெஸ்ட் எழுதுங்கள்: சீட்டு ஒன்று, நிறை மூன்று, அழி, எண்ணு. அந்த டெஸ்ட்டை எஸ்க்யூலைட்டில் ஓட்டுபவர்கள் கான்ஃபிகில் ஃபாரின் கீ கட்டுப்பாடு ட்ரூ என்று இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்க்யூலைட் அதைத் தானாக அமுல்படுத்தாது. முடிந்தால் டெஸ்ட்டையும் மைஎஸ்க்யூஎல்லிலேயே ஓட்டுங்கள், களஞ்சியத்தில் ஓடுவது அதுதான்.