குழந்தைக்கு முயற்சி செய்கிற மாதத்தில் வலி மாத்திரையை எப்படி எடுப்பது

வீக்கம் என்றாலே கெட்டது என்று நினைக்கிறோம். ஆனால் சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வருவதற்கே ஒரு சின்ன வீக்கம் (டாக்டர்கள் அழற்சி என்பார்கள்) வேண்டும். லாரன்ஸ் எஸ்பி என்ற ஆய்வாளர் 1980-லேயே இதை எழுதிவிட்டார். முட்டையை வெளியேவிடத் தூண்டும் எல்எச் ஹார்மோன் எகிறியதும், முட்டை இருக்கும் நீர்ப்பையில் (ஸ்கேன் எடுப்பவர்கள் ஃபாலிக்கிள் என்பார்களே, அதுதான்) இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 மாதிரியான சைட்டோகைன்கள், அதாவது நோய் எதிர்ப்பு செல்கள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்ளும் புரதங்கள் பெருகும், இன்டர்லூகின்-8 வெள்ளை அணுக்களை அங்கே வரவழைக்கும், காக்ஸ்-2 என்சைம் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும், இத்தனையும் சேர்ந்து பையின் சுவரை இளக்கி, ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டையை வெளியே விடும்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், எடோரிகாக்சிப் என்ற வலி மாத்திரைகள் எல்லாம் அந்தக் காக்ஸைத்தான் அடைக்கின்றன. முட்டை வெளிவரும் நாட்களில் தொடர்ந்து எடுத்தால் சிலருக்கு அந்த நீர்ப்பை உடையாமலே நின்றுவிடும். அப்போதும் முட்டை வந்தபின் சுரக்க வேண்டிய புரோஜெஸ்ட்டிரோன் ஹார்மோன் சுரக்கும், மாதவிலக்கும் நாள் தவறாமல் வரும், அதனால் முட்டை வரவில்லை என்று யாருக்கும் சந்தேகமே வராது. இதுதான் எனக்கு ரொம்பக் கவலை தரும் விஷயம்.

சரி, என்ன செய்வது? முதலில் நாளைக் கணக்குப் போடுங்கள். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால் முட்டை வரும். 28 நாள் சுழற்சி என்றால் 14-ம் நாள், 32 என்றால் 18-ம் நாள். சுழற்சி முன்பின்னாக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் எல்எச் ஸ்ட்ரிப் வாங்கிச் சிறுநீரில் பாருங்கள். அந்த நாளுக்கு நான்கைந்து நாள் முன்னாலிருந்தே இந்த மாத்திரைகளை விட்டுவிடுங்கள். அப்புறம் கரு தங்கியிருக்கலாம் என்பதால், மாதவிலக்கு வரும்வரை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மாதவிலக்கு வலிக்கு முதல் இரண்டு நாள் இதே வகை மாத்திரையான மெஃபனமிக் ஆசிட் எடுப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. மீதி இருக்கிற மாத்திரையைப் பத்து நாள் கழித்து முதுகுவலிக்குப் போடுகிறோமே, அதுதான் சிக்கல். தலைவலி, காய்ச்சல் என்றால் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆனால் அட்டையின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள், பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபெனோ அசிக்ளோஃபெனாக்கோ சேர்த்த மாத்திரைகள் நம் கடைகளில் நிறைய இருக்கின்றன.

தெரியாமல் ஒன்றிரண்டு போட்டுவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம், மாத்திரையை நிறுத்தினால் இந்தப் பாதிப்பு விலகிவிடும். டாக்டர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு கதை, அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டுவாதத்துக்குத் தினமும் வலி மாத்திரை எடுப்பவர்களும் அப்படித்தான். கரு தங்கத் தாமதமானால் இந்த மாத்திரைகளை நிறுத்திப் பார்க்கலாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது, அதனால் மூட்டு டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். ஃபாலிக்கிள் ஸ்கேனுக்குப் போகும்போது எந்த மாத்திரை, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.